டவுன் பேமென்ட் கையில் இல்லை, வீடு வேண்டும்: நாக்காவா, எஃப்.எச்.ஏ-வா, மாநில உதவியா?

அமெரிக்காவில் வாடகை கொடுத்தே அலுத்துப்போன நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருவர், "நாக்காவில் சேருங்க, டவுன் பேமென்ட் ஒரு பைசா வேண்டாம்" என்பார். பக்கத்தில் இருப்பவர், "அதுல போனா அலைஞ்சே சாகணும், பேசாம எஃப்.எச்.ஏ எடுத்துடுங்க" என்பார். நாக்கா என்பது வீட்டுக்கடனுக்கு ஆட்களைத் தயார்செய்யும் அமைப்பு, எஃப்.எச்.ஏ என்பது அரசு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் வீட்டுக்கடன், டவுன் பேமென்ட் என்பது வீட்டு விலையில் நாமே முதலில் கையிலிருந்து போடும் பங்கு. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் ஆளுக்குப் பாதி உண்மை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் என்ற அளவில் பார்த்தால் நாக்கா கொடுப்பதைப் போல இன்னொன்று கிடையாது. ஆனால் அந்தக் கடனை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில், உங்கள் வாடகை ஒப்பந்தம் முடிவதற்குள், விற்பவர் ஒத்துக்கொள்ளும் ஒரு வீடு கிடைக்குமா என்பது வேறு கணக்கு. முதல் கணக்கைப் போட்டு மயங்கி, இரண்டாவதைப் போடாமல் இறங்குகிறவர்கள்தான் பாதியில் வெளியே வருகிறார்கள்.

நாக்கா என்பது 'நெய்பர்ஹுட் அசிஸ்டன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. புரூஸ் மார்க்ஸ் 1988-ல் பாஸ்டனில் தொடங்கியது. ஏழை மக்களிடம் அடாத வட்டி வாங்கிய வங்கிகளின் வாசலில் போய் நின்று போராடி வளர்ந்த அமைப்பு இது. அது கடன் கொடுப்பதில்லை. ஆட்களைத் தயார்செய்து வங்கியிடம் அனுப்புகிறது. கடன் தருவது பெரும்பாலும் பேங்க் ஆஃப் அமெரிக்கா. 2027 மே வரை 1,500 கோடி டாலர் அளவுக்கு இப்படிக் கடன் தருவதாக அந்த வங்கி 2021-ல் அறிவித்தது. வங்கி ஏன் இவ்வளவு சலுகை காட்டுகிறது என்று சந்தேகம் வருவது நியாயம். தான் வைப்புத்தொகை வாங்கும் பகுதிகளில், குறைந்த வருமானக்காரர்கள் உட்பட எல்லோருடைய கடன் தேவையையும் வங்கி கவனிக்க வேண்டும் என்று 1977-ல் வந்த சமூக மறுமுதலீட்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் வங்கிக்கும் இதில் ஆதாயம் உண்டு.

சலுகைகள் இவை: டவுன் பேமென்ட் இல்லை, கிளோசிங் காஸ்ட் (வீடு கைமாறும்போது கட்டும் கட்டணங்கள்) இல்லை, பி.எம்.ஐ எனப்படும் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் (நாம் கடனைக் கட்டாமல் போனால் வங்கியைக் காப்பது) இல்லை. சந்தையைவிடக் குறைந்த, மாறாத வட்டி. கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்குக்குப் போடும் மதிப்பெண்ணை, பார்ப்பதே இல்லை. ஸ்கோர் 780 இருப்பவருக்கும் 610 இருப்பவருக்கும் அதனால் வட்டி வேறுபடாது. கையில் பணம் வைத்திருப்பவர் அதைக் கட்டி வட்டியை இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம். 3,00,000 டாலர் வீடு, 30 வருடக் கடன். ஒப்பிடுவதற்காக நாக்கா வட்டி 6%, மற்றவை 6.5% என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் படிக்கும் நாளில் வட்டி வேறாக இருக்கும், கணக்கின் போக்கு மாறாது.

நாக்காவில் கடன் முழு 3,00,000. அசலும் வட்டியுமாக மாதம் சுமார் 1,799 டாலர்.

எஃப்.எச்.ஏ-வில் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.5% டவுன் பேமென்ட், அதாவது 10,500. மீதி 2,89,500-க்கு 1.75% முன்கூட்டிய இன்ஷூரன்ஸ் உண்டு. அதைக் கையில் கட்டாமல் கடனோடு சேர்த்தால் கடன் ஏறக்குறைய 2,94,566 ஆகிறது. மாதம் 1,862. அதற்கு மேல் ஆண்டுக்கு 0.55% இன்ஷூரன்ஸ், மாதக் கணக்கில் சுமார் 133. மொத்தம் 1,995. கிளோசிங் செலவு 3% என்றால் இன்னொரு 9,000 டாலர் முதலிலேயே வேண்டும், விற்பவர் அதில் ஒரு பங்கை ஏற்றால் ஒழிய. மாதாமாதம் கட்டும் இந்த இன்ஷூரன்ஸ் பாதியில் நிற்காது. 10%-க்குக் குறைவாக டவுன் பேமென்ட் போட்டவர் கடன் உள்ளவரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது ரீஃபைனான்ஸ் (புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பது) செய்ய வேண்டும்.

மூன்றாவது, அரசு இன்ஷூரன்ஸ் இல்லாத சாதாரண கன்வென்ஷனல் கடன், 3% டவுன் பேமென்ட்டில். 9,000 போட்டால் கடன் 2,91,000, மாதம் 1,839. பி.எம்.ஐ உங்கள் ஸ்கோரைப் பொறுத்தது. ஆண்டுக்கு 0.6% என்று வைத்தால் மாதம் 146, ஆக 1,985. எஃப்.எச்.ஏ-வோடு ஒப்பிட்டால் மாதத் தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இதில் பி.எம்.ஐ ஒரு நாள் போய்விடும். கடன் பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80%-க்கு இறங்கியதும் எழுதிக் கேட்டு நீக்கலாம். ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு 78%-ல் தானாகவே நீங்க வேண்டும் என்பது 1998-ம் வருடச் சட்டம். ஸ்கோர் நன்றாக உள்ளவர் எஃப்.எச்.ஏ பக்கம் போக அனேகமாக எந்தக் காரணமும் இல்லை.

ஆக நாக்காவில் மாதம் சுமார் 190 டாலர் மிச்சம், முதலில் 18,000 முதல் 19,500 டாலர் வரை மிச்சம். சொத்து வரியும் வீட்டு இன்ஷூரன்ஸும் எல்லாவற்றுக்கும் பொது. நியூ ஜெர்சி, டெக்சாஸ் வாசிகள் அந்த வரியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்.

இவ்வளவு மிச்சத்துக்கு நாக்காவில் என்ன கொடுக்கிறோம்? காலம், காகிதம், கொஞ்சம் சுதந்திரம்.

காகிதத்தில் தொடங்குகிறேன், நம்மவர்கள் அதிகம் சிக்குவது அங்கேதான். முதலில் ஒரு இலவச வொர்க்‌ஷாப். அதன்பின் கவுன்சலர் ஒருவரோடு உட்கார்ந்து பட்ஜெட் போட வேண்டும். பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று), வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஏற்ற வேண்டும். ஸ்கோரைப் பார்ப்பதில்லை என்றதும் கிரெடிட்டையே பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வாடகை, கார் லோன், கார்டு, மின்கட்டணம் என உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள பாக்கிகளை அண்மைக் காலத்தில் நாள் தவறாமல் கட்டினீர்களா என்பதை நுணுக்கமாகப் பார்ப்பார்கள். மருத்துவமனை பில் பழைய கலெக்‌ஷனாக (வசூல் நிறுவனத்திடம் போன பாக்கியாக) நிற்பதை மன்னிக்கலாம். போன மாத வாடகை தாமதத்தை மன்னிப்பது கஷ்டம்.

இதில் வாடகைக்கு ஆதாரம் என்பது பெரிய விஷயம். அப்பார்ட்மென்ட் ஒப்பந்தம் நண்பர் பெயரில் இருக்கும், உங்கள் பங்கை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியிருப்பீர்கள், குறிப்பில் 'பிரியாணி' என்று போட்டிருப்பீர்கள். கவுன்சலரிடம் அதை வாடகை என்று நிறுவப் பாடுபட வேண்டும். வீடு வாங்கும் எண்ணம் வந்த மாதமே ஒப்பந்தத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே தேதியில் ஒரே தொகையை அனுப்புங்கள். கைமாற்றாக வந்த பணம், சீட்டு எடுத்த பணம், ஊரிலிருந்து வந்த பணம் எதுவானாலும் கணக்கில் பெரிய தொகையாக விழுந்தால் விளக்கம் கேட்பார்கள். இது நாக்காவுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை, எந்த லெண்டரும் கேட்பார். பெற்றோர் தரும் பணத்துக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கிஃப்ட் லெட்டர் வேண்டும். வெளிநாட்டில் உள்ளவரிடமிருந்து ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்பாக வந்தால் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-க்கு 3520 படிவம் வேறு.

அடுத்தது 'பேமென்ட் ஷாக்'. இப்போது வாடகை 1,400, வாங்கப்போகும் வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 2,300 என்றால், நடுவில் உள்ள 900 டாலரை மாதாமாதம் சேமித்துக் காட்ட வேண்டும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு நாக்காவிடம் மிகவும் பிடித்ததே இந்த விதிதான். எந்த வழியில் வாங்கினாலும் இந்தப் பழக்கத்தை ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். முடியவில்லை என்றால் வீட்டின் விலை அதிகம் என்று உங்கள் பேங்க் கணக்கே சொல்லிவிடும், வங்கி 'சரி' சொன்னாலும்.

பூஜ்யம் டவுன் பேமென்ட் என்றாலும் கை வெறுமையாக இருக்க முடியாது. அட்வான்ஸ் தொகை, இன்ஸ்பெக்‌ஷன் கட்டணம், முன்கூட்டிக் கட்டும் வரியும் இன்ஷூரன்ஸும், ரிசர்வாகக் கொஞ்சம் பணம் என்று சில ஆயிரம் டாலர் தேவைப்படும். 2024 ஆகஸ்ட் முதல், பெரும்பாலான ஏஜென்ட்டுகள் வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே கமிஷன் எவ்வளவு என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். விற்பவர் அதைத் தர மறுத்தால் உங்கள் தலையில் விழும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

காலம் என்னும் விலை

தகுதி பெற எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் காகிதங்கள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடம் தாண்டும். தகுதி கிடைத்தபின் வீடு தேட வேண்டும். விற்பவர் மேஜையில் ஐந்து ஆஃபர்கள் இருந்தால், சட்டென்று முடியும் ஆஃபரைத்தான் எடுப்பார். நாக்காவில் இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். பாதுகாப்பு தொடர்பான குறைகள் தெரிந்தால் பழுது பார்ப்பதற்கு வழி செய்த பிறகே கடன் கிடைக்கும். வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. 'உள்ளது உள்ளபடி' என்று விற்க நினைப்பவருக்குத் தலைவலி. எஃப்.எச்.ஏ-விலும் இதன் சின்ன வடிவம் உண்டு: 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயின்ட் உரிந்திருந்தாலே அப்ரைசர் (வீட்டை மதிப்பிடுபவர்) குறித்துவிடுவார். கன்வென்ஷனலில் தொந்தரவு குறைவு. போட்டி மிகுந்த ஊர்களில் அது கிட்டத்தட்ட ரொக்கத்துக்கு அடுத்த மதிப்பைப் பெறுகிறது.

அதனால் ஊர்தான் இங்கே தீர்மானிக்கிறது. வீடுகள் இரண்டு மூன்று மாதம் சந்தையில் நிற்கும் இடம் என்றால் நாக்கா கடன் பலிக்கும். சனிக்கிழமை பட்டியலிட்டு திங்கட்கிழமை விற்றுப்போகும் பள்ளி மாவட்டங்களில், நாக்கா கடிதத்தோடு போவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஜூலையில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, பிள்ளைக்கு ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது என்ற நெருக்கடியில் இருப்பவர் மாதாமாதம் நீட்டிக்கும் வாடகைக்கு எவ்வளவு கூடுதல் கேட்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மாதம் 300 டாலர் கூட வாங்குவார்கள் என்றால் எட்டு மாதத் தாமதத்துக்கு 2,400. மிச்சமாகும் 18,000-க்கு முன் அது பெரிதில்லை. ஆனால் அதற்குள் வீட்டு விலை 3% ஏறினால் 9,000 போயிற்று. இரண்டையும் கழித்தாலும் நாக்கா பக்கம் கொஞ்சம் மிஞ்சும். வீடு கிடைத்தால்தான், அதை மறக்க வேண்டாம்.

சுதந்திரம் என்று சொன்னதற்கு வருகிறேன். நாக்கா வீட்டில் நீங்கள்தான் குடியிருக்க வேண்டும், அந்தக் கடன் இருக்கும்வரை. அதை உறுதிப்படுத்த வீட்டின் மீது 25,000 டாலருக்கு ஒரு உரிமைப் பதிவும் (லீன்) வைப்பார்கள். எஃப்.எச்.ஏ-விலும் கன்வென்ஷனலிலும் பொதுவாக ஓராண்டு குடியிருந்தால் போதும், பிறகு வாடகைக்கு விடலாம். முதல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டாவது வாங்குவது நம்மவர்களுக்கு மிகப் பிடித்த திட்டம். அந்த எண்ணம் இருந்தால் நாக்கா உங்களுக்கு வேண்டாம். கடன் கையெழுத்தாகும் நாளில் வீட்டில் உள்ள எவர் பெயரிலும் வேறு வீடு இருக்கக்கூடாது என்ற விதியும் உண்டு. ஊரில் அப்பா எழுதி வைத்த வீடு உங்கள் பெயரில் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கடைசி வாரத்தில் வெளிப்பட்டால் எல்லா உழைப்பும் வீண்.

இதுபோக உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஐந்து முறை அமைப்பின் செயல்பாடுகளில் பங்கெடுக்க வேண்டும்: கூட்டங்களில் உதவுவது, பிரசாரத்தில் நிற்பது போன்றவை. சிலருக்கு இது மனதுக்கு நிறைவாக இருக்கும், சிலருக்கு வார இறுதி போனதே என்றிருக்கும்.

வருமானம் பற்றி ஒரு சொல். வட்டாரத்தின் நடுமட்ட வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களுக்காகத்தான் நாக்கா முதன்மையாக நடக்கிறது. அதற்கு மேல் சம்பாதிப்பவருக்குக் கதவு மூடவில்லை, ஆனால் எந்தப் பகுதியில் வாங்கலாம், எந்த நிபந்தனையில் வாங்கலாம் என்பது இறுகும். கணவன் மனைவி இருவரும் ஐ.டி-யில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. ஒற்றைச் சம்பளக் குடும்பம், மருத்துவமனை உதவியாளர், கடையில் வேலை செய்பவர், அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர், அகதியாக வந்து நிலைபெற்றுக்கொண்டிருக்கும் ஈழத்துக் குடும்பம் இவர்களுக்கெல்லாம் இதைவிட நல்ல கடன் கண்ணில் படவில்லை.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்ட வேண்டாம். கிரீன் கார்டு இல்லாத தற்காலிக வாசிகளுக்கு எஃப்.எச்.ஏ கடன் 2025 மே 25 முதல் கிடையாது. எச்-1பி, எல்-1 எல்லாம் இதில் அடக்கம். பழைய யூடியூப் வீடியோக்களில் "எச்-1பி-க்கும் எஃப்.எச்.ஏ உண்டு" என்று சொல்வதை நம்ப வேண்டாம். மாநில உதவித் திட்டம் எஃப்.எச்.ஏ-வை அடிப்படைக் கடனாக வைத்திருந்தால் அதுவும் கூடவே அடைபடும். வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி நடக்கும் கன்வென்ஷனல் கடன், சட்டப்படி இங்கே இருப்பவருக்கு இன்னும் திறந்திருக்கிறது. வருமானம் வட்டார நடுமட்டத்தில் 80%-க்குள் என்றால் அந்த நிறுவனங்களின் ஹோம்ரெடி, ஹோம் பாசிபிள் திட்டங்களைக் கேளுங்கள். அதற்கு மேல் என்றாலும் முதல் வீடு வாங்குபவருக்கு 3% டவுன் பேமென்ட் வழி உண்டு, அதற்கு வருமான வரம்பு இல்லை.

மாநில உதவி என்ற நடுவழி

ஒவ்வொரு மாநிலத்திலும் வீட்டு நிதி அமைப்பு ஒன்று இருக்கும். அவை தருவது பெரும்பாலும் டவுன் பேமென்ட்டுக்கான இரண்டாவது கடன். 'உதவி' என்று அழகாகச் சொல்வதால் இனாம் என்று எண்ணிவிடாதீர்கள், நான்கு வகை உண்டு: உண்மையான இனாம்; சில வருடம் குடியிருந்தால் தள்ளுபடியாகும் கடன்; விற்கும்போதோ ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ திருப்ப வேண்டிய கடன்; வீட்டு மதிப்பு ஏற்றத்தில் பங்கு கேட்கும் கடன்.

நியூ ஜெர்சியில் 15,000 டாலர் வரை வட்டியில்லாமல் தருகிறார்கள், ஐந்து வருடம் அங்கேயே இருந்தால் தள்ளுபடி. மூன்றாவது வருடம் விற்க நேரும் என்று தெரிந்தவருக்கு அதன் மதிப்பு குறைவு. கலிபோர்னியாவின் 'ட்ரீம் ஃபார் ஆல்' கடைசி வகை. வீட்டு விலையில் 20% வரை, அதிகபட்சம் 1,50,000 டாலர். 5,00,000 வீட்டுக்கு 1,00,000 வாங்கி, பின்னர் 6,50,000-க்கு விற்றால், அந்த 1,00,000-ஐயும் ஏற்றத்தில் 20% பங்காக 30,000-ஐயும் தர வேண்டும். 2023-ல் தொடங்கியபோது இரண்டு வாரத்துக்குள் பணம் தீர்ந்தது, அதனால் பிறகு குலுக்கலுக்கு மாற்றினார்கள். அதில் பெற்றோருக்கு சொந்த வீடு இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை, ஆனால் அது அமெரிக்காவில் உள்ள வீட்டை மட்டும் சொல்கிறது. மதுரையில் அப்பாவுக்கு மாடி வீடு இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் கவனிக்கவும்.

மாநிலத் திட்டத்தின் பலம், அது சாதாரண லெண்டர் வழியாகவே நடப்பது. விற்பவர் கண்ணுக்கு நீங்கள் மற்றவர்களைப் போலவே தெரிவீர்கள், கொஞ்சம் கூடுதல் நாட்கள் ஆகும், அவ்வளவுதான். பலவீனம், வட்டி சில சமயம் சந்தையைவிடக் கூடுதலாக இருப்பது. இலவசமாகத் தோன்றும் 10,000-ஐ முப்பது வருட வட்டியில் திருப்பி வாங்கிவிடுவார்கள். ஒரே நாளில் இரண்டு லெண்டரிடம் விண்ணப்பித்து, 'லோன் எஸ்டிமேட்' தாள்களை அருகருகே வையுங்கள். விண்ணப்பம் முழுமையானதும் மூன்று வேலை நாளில் அதைத் தரவேண்டியது அவர்கள் கடமை.

வீடு கட்டித் தரும் தொண்டு அமைப்பான ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வீட்டைக் கட்டும் வேலையில் நீங்களும் கைகொடுக்க வேண்டும், வருமான வரம்பு தாழ்ந்தது, காத்திருப்பு நீளம். தகுதி இருந்தால் அருமை. மற்றவர்கள் அதில் நேரம் செலவிட வேண்டாம். படைவீரர் குடும்பம் என்றால் வி.ஏ கடன், கிராமப்புறம் என்றால் யு.எஸ்.டி.ஏ கடன். இரண்டிலும் டவுன் பேமென்ட் கிடையாது, அவற்றை மேலே உள்ள எல்லாவற்றுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எனக்கு ஒருவர் போன் செய்து கேட்டால் நான் சொல்வது இதுதான். வருமானம் நடுமட்டத்துக்குக் கீழே, அதே வீட்டில் பத்து வருடம் இருக்கும் எண்ணம், ஊரில் போட்டி குறைவு என்ற மூன்றும் பொருந்தினால் நாக்கா வொர்க்‌ஷாப்புக்கு இந்த மாதமே போங்கள். கூடவே உள்ளூரில் ஹட் எனும் மத்திய வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற வீட்டுவசதி ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். மாநிலத் திட்டங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும், பலவற்றுக்கு அவர் தரும் சான்றிதழும் கட்டாயம். இரண்டு வழியிலும் கேட்கும் காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றே, அதனால் இரட்டை வேலை இல்லை. நாக்காவுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள், காலண்டரில் தேதியாகக் குறித்து. அந்தத் தேதிக்குள் தகுதிக் கடிதம் வரவில்லை என்றாலோ, கடிதம் வந்தும் மூன்று நான்கு ஆஃபர்கள் திரும்பிவிட்டாலோ, 3% கன்வென்ஷனலோடு மாநில உதவியைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதற்குள் பேமென்ட் ஷாக்குக்காக நீங்கள் சேர்த்த பணமே டவுன் பேமென்ட்டில் பாதியை அடைத்திருக்கும்.

இடையில் யாராவது "நாக்காவில் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமைப்பின் ஆண்டுச் சந்தாவைத் தவிர, கவுன்சலர் எவருக்கும் கையில் பணம் தர வேண்டியதில்லை.